கரைந்த கொடி

அபுதாபி கடலில் ஒரு சிறு தீவு. அங்கே பழைய கிறிஸ்தவ மடம் ஒன்றைத் தோண்டும் வேலைக்கு முசஃபா தொழிலாளர் கேம்பிலிருந்து வந்திருந்தார் குளச்சல்காரர் ஞானையா. அன்று பிற்பகல் அவருடைய பிரஷுக்கு அடியில் ஒரு சிலுவை தெரிந்தது.

சுண்ணாம்புச் சாந்தில் செதுக்கிய, இரண்டு முழப் பலகை. ஆயிரத்து இருநூறு வருடமாவது இருக்கும் என்றார் சூப்பர்வைசர் சேதுமாதவன். மேல்பாதியைப் போனில் படமெடுத்து, அகழாய்வை நடத்தும் டாக்டரம்மாவுக்கு அனுப்பினார். “யாரும் தொட வேண்டாம், காலையில் படகில் வருகிறேன்” என்று பதில் வந்தது. சேதுமாதவன் கூடாரத்துக்குப் போனபின், ஞானையா கீழ்ப்பாதி மண்ணையும் தள்ளினார். சிலுவையின் அடியிலிருந்து இருபுறமும் ஒரு கொடி கிளம்பியது. ஓர் இலை உள்ளே சுருள, அடுத்தது வெளியே விரிந்தது. அவர் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்கு மணிக்கு மழை பிடித்தது. தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஆனால் தண்ணீர் பக்கச் சுவரிலிருந்து குழிக்குள் இறங்கியது. ஞானையாவும் பெஷாவர்காரன் உஸைரும் வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஏறியது.

“சார், நாங்க ரெண்டுபேரும் தூக்கிருவோம். ஒரு வார்த்த சொல்லுங்க.”

சேதுமாதவன் டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். “ஈரத்துல தூக்கினா நொறுங்கிடும்னு சொல்றாங்க. கடல்ல படகும் விடலை. நான் என்ன செய்ய, ஞானையா?”

கொடி தண்ணீருக்குள் போனது. சற்று நேரத்தில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது.

“கரையுது சார்!”

“பஸ், பாய். கலாஸ்” — போதும், முடிந்தது என்று உஸைர் வாளியைக் கீழே வைத்தான். ஞானையா மட்டும் இறைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் டாக்டரம்மா வந்தபோது கீழ்ப்பாதி வழவழவென்று இருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. குழி ஓரத்தில் உட்கார்ந்து சேதுமாதவனிடம் ஏதோ கேட்டார்.

“கீழ்ப்பக்கம் போட்டோவுல இல்ல. நீ ஒருத்தன்தான் அதை நின்னு பார்த்திருக்கே. வரைஞ்சு காட்ட முடியுமாங்கிறாங்க.”

ஞானையா பென்சிலை வாங்கினார். இலை கோழிக்கால் போல வந்தது. அடுத்த தாளிலும் அப்படியே. மூன்றாவது தாளில் எந்த இலை உள்ளே, எது வெளியே என்பதே குழம்பியது.

“கண்ணுல நிக்குது சார். கைக்கு வரமாட்டேங்குது.”

டாக்டரம்மா மூன்று தாள்களையும் வாங்கி, தேதி எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த குழியில் நின்ற தண்ணீரை இறைக்கச் சொல்லி ஞானையாவை அனுப்பினார்கள்.