எண்பத்து நான்காம் பக்கம்

முதலீட்டுப் பகுப்பாய்வு வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு கம்பெனியை அலசி, கடைசி வரியில் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும்: வாங்கு, வைத்திரு அல்லது விற்றுவிடு. மற்றவர்கள் பேர் போன கம்பெனிகளை அடித்துப்பிடித்து எடுத்துக்கொள்ள, அவள் மட்டும் ஒரு கண்ணாடி பாட்டில் கம்பெனியை எடுத்தாள். அப்பா அங்கே இருபத்திரண்டு வருடமாக உலை ஆபரேட்டர். பாதி வேலை சாப்பாட்டு மேசையிலேயே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அப்பாவும் வாய் ஓயாமல் சொன்னார். பாட்டில் உலையை ஒரு தடவை மூட்டினால் அணைக்கக் கூடாது. உள்சுவர்ச் செங்கல் தேய்ந்து தீரும்வரை எரிந்துகொண்டே இருக்கும். இப்போது செங்கல் மெலிந்துவிட்டது, ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். புது உலை வருகிறது என்று ஷிப்ட் மேனேஜரே சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில், அப்பாவோடு சேர்த்து ஷிப்டில் இருக்கும் பன்னிரண்டு பேரும் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து கம்பெனி ஷேரை வாங்கிப் போட்டிருந்தார்கள். அப்பாவின் சேமிப்பு மொத்தமும் அதில்தான். "ஆடிட்டரம்மா, நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, விலை ஏறட்டும்" என்று கிண்டல் வேறு.

மாணவர்கள் 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருந்த பேராசிரியர், அவளுடைய வரைவில் செங்கல் வந்த பக்கங்களைக் குறுக்காக அடித்தார். உள்ளே வேலை செய்கிறவர் வாயிலிருந்து வந்த சேதியை வைத்து ஷேரைப் பற்றி எழுதக்கூடாது, எல்லோருக்கும் கிடைப்பதை மட்டும் வைத்து எழுது என்றார். நியாயம்தான். இருந்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வார உழைப்பு.

வேறு வழியில்லாமல் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்தாள். முன்பக்கங்கள் முழுக்கச் சிரித்த முகங்கள். பின்னால், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் குறிப்புகள். எண்பத்து நான்காம் பக்கத்தில் அவள் கண் நின்றது. உலையின் மீதி ஆயுள் பதினான்கு மாதம், அதன்பின் மதிப்பு பூஜ்யம். புது உலைக்கென ஒதுக்கிய தொகை எதுவும் இல்லை. பதினைந்தாவது மாதத்திலிருந்து பாட்டில்களை வெளியே வாங்கி விற்க ஐந்தாண்டு ஒப்பந்தம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சேர்த்துப் படித்தால் உலையை மூடப்போகிறார்கள்.

உலைக்குப் பக்கத்திலேயே நின்று வேகிற மனிதருக்குத் தெரியாதது, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய புத்தகத்தில் அச்சாகிக் கிடந்தது. அவளுக்கு அந்த மேனேஜர் மீது ஆத்திரமாக வந்தது. எவ்வளவு கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்!

'விற்றுவிடு' என்று எழுதினாள். வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். 'சந்தேகம்' முதல் முறையாக எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அந்த மதிப்பெண்ணை வீட்டில் சொல்ல அவளுக்கு மூன்று நாள் பிடித்தது.

மாலையில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா குளித்துவிட்டு உட்கார்ந்ததும், அந்தப் பக்கத்தை முன்னால் வைத்து ஒவ்வொரு குறிப்பாக விளக்கினாள். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த சைபர் நம்ம உலையா?"

"ஆமாப்பா."

"இன்னிக்குக்கூட ரெண்டு லட்சம் பாட்டில் எடுத்தோமே."

ஷேரை நாளைக்கே விற்றுவிடச் சொன்னாள். அச்சில் வந்த விஷயம்தான், தப்பில்லை என்றும் சொன்னாள். அப்பா தாளைக் கையில் எடுத்தார்.

"இதை யார் வேணா படிக்கலாமா?"

"யார் வேணா படிக்கலாம்."

அப்பா தாளை அவளிடமே நீட்டினார். "அப்ப பன்னெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. காலைல எடுத்துட்டுப் போறேன்."

"உங்களை விட்டா பதினோரு பேர்தானேப்பா?"

"மேனேஜருக்கு ஒண்ணு வேணும்மா" என்றார் அப்பா. "அவர்தான் எங்க எல்லாரையும் விட அதிகமா வாங்கியிருக்காரு."