நாலு மணிக்குள் வராத சீட்டு

"வாத்துன்னு நான் போன வாரமே சொல்லிட்டேன்!"

"ஏங்க, கொழுப்பு சொட்டச் சொட்ட வாத்து எதுக்கு? உங்களுக்கு இருக்கிற கொழுப்பு பத்தலையா? கோழி போதும்."

"அண்ணி, மீன்னு முடிவு பண்ணுங்க. தகராறே இல்ல."

"நேத்து ஆரம்பிச்ச உன் டயட்டுக்கு வீடே மீன் திங்கணுமாடி?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், எதிர்வீட்டில் நடந்தது இது. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. காற்றுக்காகக் கதவை ஒரு சாண் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

வாத்து கேட்டவன் டயர்க் கடைக்காரன். கோழி கேட்டவள் அவன் பெண்டாட்டி. மீன் கேட்டவள் அவன் தங்கை, இன்சூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க போனில் மன்னிப்புக் கேட்கிறவள். அந்தப் பாக்கியை வீட்டில் வசூலித்துக்கொள்வாள். அப்பா, மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற மீட்டர் ரீடர். "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டு, எதுவாக இருந்தாலும் உப்புக் குறைவு என்பார்.

இவ்வளவையும் சமைக்க வேண்டியவள் பெரியவள், டயர்க்காரனுக்கு அக்கா, இன்னும் கல்யாணம் ஆகாதவள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை. காலை ஐந்து மணியிலிருந்து நின்றுவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் முந்தின நாள் ஒரு மஞ்சள் சீட்டு போகும். கோழி, மீன், முட்டை, காய்கறி, உப்புக் குறைவு என்று வரிசையாகக் கட்டங்கள்; கடைசியில், வீட்டுக்குப் போகிறவருக்கு ஒன்று. வேண்டியதில் டிக் போட்டு நாலு மணிக்குள் திருப்பித் தரவேண்டும். தராதவருக்கு வடிகட்டிய சூப்பும் இரண்டு துண்டு டோஸ்டும்தான். போய்க் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் இவர்களின் சண்டை தாங்காமல், பெரியவள் அந்தச் சீட்டையே வீட்டுக்கும் கொண்டுவர ஆரம்பித்தாள். பட்டியலில் இல்லாததை ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். சமையலறை வாசலில் ஒரு பிஸ்கட் டின். அதில் போட்டுவிட வேண்டும். அதிகம் பேர் கேட்டது எதுவோ அது.

இந்த வருஷம் அவளுக்கு வேறு ஒரு கணக்கும் இருந்தது. எங்கள் லிப்டைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். ஜனவரியில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். கிறிஸ்துமஸுக்குள் பதில் சொல் என்றிருந்தார். மாடிப்படித் திருப்பத்தில் அவள் சொன்னது என் காதில் விழுந்தது: "நான் வந்துட்டா இதுங்க என்ன சாப்பிடும்?" முப்பத்தெட்டு வயதில் கல்யாணப் பேச்சுக்கு இப்படியும் ஒரு பதில்.

நாலு மணிக்கு அவள் எழுந்துபோய் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தாள். காலி. டயர்க்காரன் எழுதின 'வாத்து'வைப் பெண்டாட்டி கிழித்திருந்தாள்; அந்த ஆத்திரத்தில் அவன் அவளுடைய சீட்டைக் கசக்கியிருந்தான். தங்கை தன் சீட்டில் யாரோ ஒருவருடைய போன் நம்பரைக் குறித்துவைத்திருந்தாள். அப்பாவுடையது அவர் கண்ணாடிக் கூட்டுக்குள். பெரியவள் டின்னைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் ஒரு மணிக்கு, அக்டோபரில் வாங்கின தட்டைத் திருப்பித் தருகிற சாக்கில் போனேன். கோயிலுக்குப் போய்வந்த புதுத்துணியோடு எல்லோரும் மேசையில். என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப், இரண்டு டோஸ்ட்.

"முதல்ல சூப்பா? ஓட்டல் மாதிரி இருக்கே" என்று டயர்க்காரன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சரி, அடுத்து?" என்றான்.

"அடுத்து ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"டின்னுல சீட்டு இல்ல."

"நாங்க என்ன நோயாளியாக்கா?"

"நோயாளிங்க நேரத்துக்குக் கொடுத்துடுவாங்க."

"அண்ணி, இது பழிவாங்கறது" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"பழிவாங்கத் தெம்பு வேணாமாம்மா? காலையில கை தானா அதை அடுப்புல வச்சிடுச்சு. கொதி வந்தப்புறம்தான் இது வீடுன்னு ஞாபகம் வந்துச்சு. அப்புறம் மாத்தத் தோணல."

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. பொய் சொல்லவும் முகத்தில் கொஞ்சம் உயிர் வேண்டுமே.

அப்பா கண்ணாடிக் கூட்டைத் திறந்து, மடித்த சீட்டை எடுத்தார். "எத்தனை கொண்டுவந்தே?"

"நாலுப்பா."

"நாம அஞ்சு பேரு."

"சமைக்கிறவளுக்கு ஏதுப்பா சீட்டு? அங்கயும் கிடையாது."

"மூணு வருஷமாவா?"

அவள் தலையாட்டினாள். ஆயுள் முழுக்க ஒரு வீடு விடாமல் மீட்டர் பார்த்த மனுஷர். சொந்த வீட்டில் ஒன்றை விட்டுவிட்டதில் முகம் சுருங்கிப்போனது. தன் சீட்டை அவள் பக்கம் தள்ளி, சட்டைப்பையிலிருந்து பேனாவையும் வைத்தார். "போடும்மா. இன்னிக்குச் சாப்பாட்டுக்குன்னு இல்ல. உனக்கு என்ன வேணுமோ போடு."

நான் கோழி என்று நினைத்தேன். பேனா கோழியைத் தாண்டியது, மீனைத் தாண்டியது, முட்டையைத் தாண்டியது. கடைசிக் கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றது. டிக் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் மீட்டர் ரீடிங் வாசிக்கிற குரலில் வாசித்தார்: "டிஸ்சார்ஜ். உணவு தேவையில்லை."

"டிஸ்சார்ஜா? எங்கக்கா போற?" என்றான் தம்பி.

"எங்கயா?" என்று அவன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "வாரத்துக்கு ரெண்டு தடவ லிப்ட் ஏன் நிக்குதுன்னு நினைச்சீங்க?"

"அப்ப எங்களுக்கு யாரு சமைப்பா?" என்றாள் தங்கை. கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது போல, டோஸ்டைப் பார்த்துத் தலைகுனிந்தாள்.

அப்பா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணே முக்கால். நாலு ஆகல. செல்லும்." எழுந்துபோய்ச் சீட்டை டின்னில் போட்டார்.

பெரியவள் ஆறிப்போன தன் சூப்பை அப்போதுதான் குடித்தாள்.

பிப்ரவரியில் கல்யாணம், அந்த வாரமே அந்த ஊருக்குப் போய்விட்டாள். இரண்டாவது மாடியாம், லிப்ட் கிடையாதாம். சமையல் மெக்கானிக்தானாம், சுமாராக இருக்கிறதாம், ஆனால் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். டயர்க்காரனும் பெண்டாட்டியும் கடைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துப் போனார்கள். சின்னவள், மீன் வாடையே ஆகாத ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அப்பா மட்டும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என் வீட்டிலிருந்து போகிறது. சனிக்கிழமை நாலு மணிக்குள் என் கதவுக்கடியில் ஒரு துண்டுக் காகிதம் வந்துவிடும்: உப்புக் குறைவு.

லிப்ட் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நின்றதில்லை.