குதிரைக்காரன் பெண்டாட்டி

"நீ நடுவுல வராத. இது அவனுக்கு வலிக்காது. உள்ள இருக்கே ஒண்ணு, அதுக்குத்தான் வலிக்கும்."

மலாயாத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ராஃபேல் பிரம்பை மறுபடி ஓங்கினார். தொழிலாளர் லயத்து வீட்டின் உள்ளறையில், கட்டில் காலோடு சங்கிலியால் பிணைத்திருந்த பெர்னாட் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான். முதுகில் ஏழெட்டுக் கோடுகள் சிவந்து தடித்திருந்தன. இரண்டில் இரத்தம் துளிர்த்திருந்தது.

"வலிக்குதான்னு அவரையே கேளுங்களேன் மாமா," என்றாள் அவன் மனைவி ஜெனவீவ்.

"அவன் எங்கடி பேசுறான்? பேசுறது பேயில்ல!"

பிரம்பு இறங்கியது. பாதி அவன் தோளில் விழுந்தது, பாதி குறுக்கே நீட்டிய அவள் கையில்.

"பேயி இருந்தா வீட்டை உடைச்சிருக்காதா? ரெண்டு மாசமா ஒரு மங்குக் கிண்ணம் உடையல. ராத்திரியில ஒரு கூச்சல் இல்ல. இதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுடி, தெரியுது. அவன் கையில இருந்த சாணியும் தெரியுது. நல்லசாமியோட சேந்து குதிரை லாயத்துல சாணி அள்ளிட்டு, அதே கையோட என் வீட்டுச் சோத்துல கை வைக்கிறான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் என் மக லில்லியனைப் பொண்ணு பாக்க எர்னஸ்ட் தம்பி வீட்டுல வர்றாங்க. தோட்டத்து ஆபீஸ் கிராணி சம்பந்தம். மண்டோர் மகன் குதிரைக்காரன்னு காதுல விழுந்தா வாசப்படி மிதிப்பாங்களா?"

அடி எந்தப் பேய்க்கு என்று ஜெனவீவுக்கு அப்போதுதான் புரிந்தது.

பெர்னாட்டை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. திரும்பி வந்தது எலும்பும் தோலுமாக. புக்கிட் ரோத்தான் சாலையிலிருந்து தோட்டம்வரை அவனைத் தோளில் தூக்கி வந்தவர் இதே ராஃபேல்தான். வழியெல்லாம் அழுதபடி வந்தார். உடம்பு தேறியது, காது தேறவில்லை. யாரோ அவன் காதுக்குள் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான் மொழியில், இச்சி, நீ, சான் என்று. எண்ணிக்கை தப்பினால் அடி. அந்த அடிக்குப் பயந்து அவன் கதவை உடைப்பான், ஓடுவான், எதிரில் வருபவரை அடிப்பான். கல்யாணம் ஆனால் தெளிந்துவிடுவான் என்று யாரோ சொல்ல, பெண் வீட்டாரிடம் மூச்சுவிடாமல் ஜெனவீவைக் கட்டிவைத்தார்கள். மருந்துக்குப் பதில் பெண். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐம்பத்தோராம் வருஷம், காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டையிட்ட கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக்கூடாதென்று லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட நாளில், அந்தக் கம்பியைப் பார்த்து மிரண்டவன் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டான். தேடிப் போன ஜெனவீவ் அவனைத் துரை பங்களாவின் பின்னால் இருந்த லாயத்தில் கண்டாள். குதிரைக்காரன் நல்லசாமி வாயில் விரலை வைத்து, "பேசாம நில்லுங்கம்மா" என்று சைகை காட்டினான்.

"வந்தப்ப ஒரே கத்தல். குதிரை நாலடி தள்ளிப் போயிருச்சி. இவரு கிட்டப் போனாரு, இன்னும் நாலடி போச்சி. குதிரையைக் கட்டி வைக்கலாமான்னு பாத்தேன், அதுக்குள்ள இவரே மூச்சை அடக்கிட்டு நின்னாரு. அப்புறம் அதுவாத்தான் வந்துச்சிம்மா. பாருங்க."

குதிரையின் விலாவில் காதை வைத்தபடி பெர்னாட் நின்றிருந்தான். அதன் மூச்சு ஏறி இறங்க, அவன் தோளும் ஏறி இறங்கியது.

"என்னங்க கேக்குது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கல," என்றான். கண்ணில் நீர் நின்றது. "ஜெனவீவு, ஒண்ணுமே கேக்கல லா."

கல்யாணமான நாலு வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பின் அவன் தினமும் போனான். தேய்த்தான், குளம்பு சுத்தம் செய்தான், சாணி அள்ளினான். கோபமாகப் போனால் குதிரை விலகும் என்பதால், லாயத்துக்குப் போகும் வழியிலேயே தன்னை அடக்கிக்கொள்ளப் பழகினான். காதுக்குள் எண்ணும் சத்தம் அடியோடு போகவில்லை, தூரத்தில் போய் நின்றுகொண்டது. ஆனால் அந்த வேலை செய்தவர்கள் நல்லசாமியின் ஆட்கள். மாதா கோயிலில்கூட அவர்களுக்குக் கடைசி வரிசை. கடல் கடந்து வந்து, மலேரியாவுக்குப் பாதிப் பேரைக் கொடுத்து, ஒரே பாதிரியார் கையால் நன்மை அப்பம் வாங்கியும், சாதி மட்டும் காய்ச்சல் இல்லாமல் கரையேறிவிட்டது.

பிரம்படிக்கு மறுநாள் விடிந்ததும் ராஃபேல் பெரட்டுக்குப் போனார். ஆள் கணக்கு எடுத்து வேலைக்கு அனுப்பும் அந்த நேரத்துக்குள் லில்லியன் உள்ளறைக்கு வந்தாள். கையில் சாவி.

"அண்ணி, அப்பா தலகாணி உறைக்குள்ள இருந்திச்சி."

"உன் கல்யாணம்டி."

"நின்னா நிக்கட்டும் லா. அண்ணனைக் கட்டிப்போட்டுட்டு நான் மாலை போட்டுக்கணுமா?"

பெர்னாட் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே நல்லசாமி வீட்டுக்குப் போனான். கம்பி போட்டபின் தானியம் எதையும் வெளியே வைக்கக்கூடாது என்பதால், நல்லசாமியின் மனைவி சின்னத்தாய்தான் லயத்து அடுப்பில் குதிரைக்குக் கொள்ளு அவிப்பாள். வெளியே கொண்டுபோகத் துரை கொடுத்த கடிதம் உண்டு. அன்று துரை சீக்கிரம் சவாரி போகிறாரென்று நல்லசாமி முன்னால் போய்விட்டான். கடிதம் அவன் சட்டைப் பையில். பெர்னாட் கடிதம் இல்லாமலே கொள்ளு வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனான்.

கேட்டில் புதிதாக வந்த வெள்ளைக்கார சார்ஜன்ட் நின்றான். அவன் வாளியின் மூடியைத் திறந்தான். சூடான கொள்ளு, ஒரு குடும்பம் தின்னும் அளவு.

அவ்வளவுதான். துப்பாக்கிக் கட்டை பெர்னாட்டின் வயிற்றில் இறங்கியது. வாளி கவிழ்ந்தது. மடங்கி விழுந்தவனின் பிரம்படி பட்ட முதுகில் பூட்ஸ் கால் ஏறியது. ஜெனவீவ் ஓடி வருவதற்குள் அவன் வாயிலிருந்து இரத்தம் கொட்டியது.

"ஐயா, அது குதிரைக்குங்க! எங்க வீட்டுலதான் அவிச்சது!" சின்னத்தாய் கத்திக்கொண்டே வந்தாள். கூட இருந்த மாத்தா ஒருவன், மலாய்ப் போலீஸ்காரன், அவளைத் துப்பாக்கியால் தள்ளி நிறுத்தினான்.

பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லக் கிராணி எர்னஸ்ட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். கையில் பேனா, தாள். ராஃபேலும் பெரட்டுக்களத்திலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"மண்டோர், இது உங்க மகன்தானே?" எர்னஸ்ட் கேட்டான். "இவருக்கு என்ன வேலைன்னு சார்ஜன்ட் கேக்குறாரு. அந்தம்மா குதிரைக்குன்னு சொல்லுது."

"அவ பேச்சை எழுதாதீங்க தம்பி. குதிரைக்கும் என் மகனுக்கும் என்ன இருக்கு? வேலைவெட்டி இல்ல. வீட்டோட கிடக்கிறவன்."

எர்னஸ்ட் அதை இங்கிலீஷில் சொன்னான். வேலை இல்லாத ஆள், வாளி நிறைய உணவு. சார்ஜன்டின் முகம் மாறியது.

ஜெனவீவ் மாமனாரின் கையைப் பிடித்தாள். "மாமா, ஒரே ஒரு வார்த்தை. சைஸுன்னு சொல்லுங்க, விட்டுடுவாங்க. உங்க வார்த்தையைத்தான் நம்புவாங்க."

குதிரைக்காரனுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது. ராஃபேல் எர்னஸ்ட்டை ஒருமுறை பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, எர்னஸ்ட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"கொட்டடிக்குப் போனா ஒரு நாள் திரும்பி வருவான். இந்தப் பேரு வந்தா போகாதுடி."

கீழே கிடந்த பெர்னாட் எண்ணத் தொடங்கினான். "இச்சி… நீ… சான்…" குரல் ஏறியது. திடீரென்று எழுந்து சார்ஜன்டின் கால்களைக் கட்டிப்பிடித்தான். சார்ஜன்ட் தடுமாறினான். மாத்தா துப்பாக்கியின் குதிரையை இழுத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கூட்டம் பின்வாங்கியது.

"சொல்லுங்க தம்பி!" ஜெனவீவ் எர்னஸ்ட்டைப் பார்த்து அலறினாள். "அவரு குதிரைக்காரருன்னு சொல்லுங்க!"

எர்னஸ்ட் மண்டோரைப் பார்த்தான். மண்டோர் தரையைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை நினைவு.

அவள் துப்பாக்கி முனைக்கும் புருஷனுக்கும் நடுவில் போய் மண்டியிட்டாள். தமிழை விட்டாள். சந்தையில் மீன் வாங்கப் பழகிய மலாயில் தொண்டை கிழியக் கத்தினாள்:

"லாக்கி சாயா, துவான்! சைஸ்! சைஸ் குடா!"

என் புருஷன். குதிரைக்காரன்.

மாத்தா துப்பாக்கியைத் தாழ்த்தினான். "சைஸ்? துரையோட குதிரைக்கா?" கீழே சிதறிய கொள்ளைக் காலால் கிளறிப் பார்த்தான். முகம் தெளிந்தது. சார்ஜன்டிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். சார்ஜன்ட் கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பிவிட்டுக் காலை உதறிக்கொண்டான்.

ராஃபேலின் கை ஜெனவீவின் கன்னத்தில் விழுந்தது. பெரட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் முன்னால்.

"என் மானத்தைக் கேட்டுல வச்சு வித்துட்டியேடி!"

அவள் கன்னத்தைத் தொடவில்லை. பெர்னாட்டின் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்து, ஏற்ற இறக்கமாக மூச்சு விட்டாள். மெதுவாக, மிக மெதுவாக. எண்ணிக்கை தேய்ந்து, அவன் மூச்சும் அவள் மூச்சோடு சேர்ந்தது. சின்னத்தாய் முந்தானையில் அவன் வாய் இரத்தத்தைத் துடைத்தாள்.

"அக்கா," எர்னஸ்ட் தயங்கித் தயங்கி வந்தான். "வாக்குமூலம் எழுதி வைக்கணுமாம். பேரு பெர்னாட். வேலை…"

"குதிரைக்காரன். நல்லா பெரிசா எழுதுங்க."

"தகப்பன் பேரு?"

ஜெனவீவ் நிமிர்ந்தாள்.

"அதை என்னைக் கேக்காதீங்க தம்பி. அந்தா நிக்கிறாரு. குதிரைக்காரனுக்கு அப்பனா இருக்க சம்மதமான்னு கேட்டு எழுதிக்குங்க."

பேனா காத்திருந்தது. ராஃபேல் வாயைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார், எர்னஸ்ட்டின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், மகனின் முதுகைப் பார்த்தார். அவர் அடித்த கோடுகள் சட்டைக்கு மேலும் ஊறித் தெரிந்தன. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தார்.

"என்ன போடட்டும் அக்கா?"

"அந்த இடத்துல கோடு போட்டுடுங்க," என்றாள் ஜெனவீவ். புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். "சின்னத்தாயக்கா, இன்னொரு அடுப்புக் கொள்ளு அவிக்கணும். வாங்க, நானும் வர்றேன். குதிரை பசியோட நிக்கும்."