பலகை திரும்பிய பஸ்

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பாதையில் ஓடிய பஸ்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆள் ஏற்றும் பஸ் என்றால் முன்கண்ணாடியில் ஊர்ப் பெயர்ப் பலகை இருக்கும். ஓட்டம் முடிந்து ஹட்டன் கராஜுக்குப் போகிறதென்றால் கண்டக்டர் அதைத் திருப்பி வைத்துவிடுவார். வெறும் மரம்தான் தெரியும். எழுத்துப் படிக்கத் தெரியாத தேயிலைத் தோட்ட லயத்துச் சனத்துக்கும் இது அத்துப்படி. பலகை திரும்பிய பஸ்ஸுக்கு எவரும் கை காட்டுவதில்லை. காட்டி, அது நிற்காமல் போனால் மானக்கேடு யாருக்கு? அதனால் பார்த்தவுடன் பேசாமல் குந்திவிடுவார்கள்.

அந்த மானம்தான் சண்முகவடிவின் காலை வாரியது.

அன்று ஆயுதபூசை. அவள் தங்கை அம்மாக்கண்ணு, புருசன் பிள்ளைகளோடு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறாள். ஹட்டனில் சாயங்கால ரயில், பிறகு தலைமன்னார், அங்கிருந்து கப்பல். இனி இந்த ஜென்மத்தில் பார்ப்பது ஏது? போகுமுன் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் சண்முகவடிவுக்கு. மதியமே வந்து பாதையோரம் நின்றாள்.

பஸ் வந்தது. முன்னால் வாழைக்கன்று, செவ்வந்தி மாலை, கண்ணாடி நிறையச் சந்தனம். பலகை கண்ணில் படவில்லை. மூடுபனியில் உள்ளே ஆள் இருப்பதும் தெரியவில்லை. கராஜுக்குப் போகிறது என்று நினைத்துக் குந்திக்கொண்டாள். குந்தியவளுக்கு எந்த டிரைவர் நிறுத்துவான்? பஸ் போயே போய்விட்டது.

எதிர்க்கடை லாபிர் எட்டிப் பார்த்தார். “என்ன தங்கச்சி, ஹட்டன் பஸ்ஸ விட்டுட்டீங்களே?”

“பலகை இல்லீங்களே, நானா.”

“பூசைக்குப் போட்ட மாலைக்குப் பின்னால இருந்திச்சே. அடுத்தது இருட்டுக்குத்தான் வரும்.”

வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். மாலை போட்டவனையும் திட்டினாள், மாலை கேட்ட சாமியையும் விடவில்லை. திட்டி ஓயும்போது இன்னொரு பஸ் வளைவில் திரும்பியது. மாலையும் இல்லை, சந்தனமும் இல்லை. சந்தேகமே இல்லாமல் பலகை திரும்பியிருந்தது. சண்முகவடிவு போய் நடுப்பாதையில் நின்றாள்.

கண்டக்டர் அழகன் தலையை நீட்டினான். “பலகை திரும்பியிருக்கிறது தெரியலியா?”

“தெரிஞ்சுதான் நிக்கிறேன் தம்பி. என் தங்கச்சி ஊருக்குப் போறா. என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க, இல்லாட்டி மேல ஏத்திட்டுப் போங்க.”

டிரைவர் செல்லசாமி சிரித்துவிட்டார். “ஏறும்மா.”

பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு ஆள் ஏற்றினால் இன்ஸ்பெக்டர் வேலையைப் பறித்துவிடுவார். அதனால் அழகன் ஹட்டன் பெயரை முன்பக்கம் திருப்பி வைத்தான். வந்தது வினை. வளைவுக்கு வளைவு கை நீண்டது. பலகை போட்ட பிறகு நிறுத்தாமல் போக முடியுமா? கூடை ஏறியது, கோழி ஏறியது, குஞ்சு குளுவானெல்லாம் ஏறியது. சண்முகவடிவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“தம்பி, ரயிலு போயிரும். அந்தப் பலகையத் திருப்பிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ஏறியிருந்தவர்களும் “திருப்புங்க, திருப்புங்க” என்றார்கள். இடம் கிடைத்தவனுக்கு அடுத்தவன் நினைப்பு எதற்கு? இன்ஸ்பெக்டர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அழகன் திருப்பினான். பஸ் பறந்தது.

நோர்வூட் சந்தியில் ஒரு கிழவர் குடையும் பொட்டலமுமாகக் கையை நீட்டினார். வெறும் மரத்தைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டு அப்படியே குந்தினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஹட்டனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகத் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுது தீர்த்தார்கள். மனம் நிறைந்துதான் போயிற்று. கார்டு பச்சைக்கொடியை எடுத்தபோது அம்மாக்கண்ணு எட்டி எட்டி வெளியே பார்த்தாள்.

“யாரத் தேடுற?”

“சித்தப்பாவத்தான் அக்கா. அப்பன் செத்த பெறகு நம்மள வளத்த மனுசன். நோர்வூட் சந்தியில பஸ் புடிச்சு வந்திர்றேன்னு சொல்லி விட்டிருந்தாரு. இன்னும் காணமே.”

மூடுபனியில் அந்தக் கிழவரின் முகத்தைச் சண்முகவடிவு பார்க்கவில்லை. மடங்கிய அந்தக் கையை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

ரயில் நகர்ந்தது. தங்கை இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸு கெடைச்சிருக்காதுடி” என்றாள் சண்முகவடிவு.