தக்காளிக்கு வார்த்த டீசல்

மலேசியாவின் ஈஜோக் ஊர் எண்ணெய் நிலையத்தில் லோரிக்காரர் சன்னாசி மூன்றாவது முறையாகக் கைப்பேசியை நீட்டினார். மூன்றாவது முறையும் பணம் போகவில்லை. கைப்பேசியைச் சட்டையில் துடைத்து மறுபடி நீட்டினார்.

“அங்கள், உள்ள காசே இல்லலா. துடைச்சா வருமா?” என்றாள் கௌண்டரில் இருந்த ஷர்மினி.

“காலையிலதானம்மா டீசலுக்குப் போட்டு விட்டாங்க!”

போட்டுவிட்ட லீலாவதி வெளியே லோரியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் குவிந்திருந்த செம்பனைக் குலைகள் அவருடைய சின்ன நிலத்தில் வெட்டியவை. மழையால் வெட்டு ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. அவற்றைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஆலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடும். நாளைக்குப் போனால், ‘பழுத்துக் கொட்டிப் போச்சு’ என்று விலையை வெட்டுவார்கள். மகள் ரூபினியின் விடுதிக் கட்டணம் அந்த விலையை நம்பித்தான் இருந்தது.

காசு எங்கே போனது என்பது சன்னாசிக்குத் தெரியும். ‘முற்றிலும் இலவசம்’ என்று போட்டிருந்த தோட்ட விளையாட்டுக்குள் போனது. காலையில் குலை ஏற்றும்போது, தக்காளி வாடுகிறது என்று திரை சிவந்தது. இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து நீல வைரம் வாங்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். தக்காளியைக் காப்பாற்றியதும் பூசணி வாடியது. பூசணி பிழைத்ததும் மாட்டுக்குப் பசித்தது. ஒரு வைரம் ஒரு தே தாரிக் தேநீர் விலைதானே என்று அமுக்கினார். அமுக்கிய கணக்குக்கு ஊருக்கே தே தாரிக் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

லீலாவதி இறங்கி வந்துவிட்டார். “என்னண்ணே, டீசல் ஊத்தப் போனீங்களா, தோண்டப் போனீங்களா?”

சன்னாசி வாயைத் திறக்கும் முன், கைப்பேசி ‘ம்ம்மா’ என்றது.

“யாருண்ணே அது?”

“மாடும்மா. பசிக்குதாம்.”

டீசல் காசு போன இடம் லீலாவதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பையைத் துழாவி, மளிகைக்கு வைத்திருந்த வெள்ளி நோட்டுகளை எடுத்துக் கௌண்டரில் வைத்தார்.

லோரி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது காவலர் சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சியும் பயனில்லை.

“குறையிற காச என் லோரி வாடகையில கழிச்சுக்கம்மா,” என்றார் சன்னாசி, தலையைத் தூக்காமல். “இலவசம்னுதான் போட்டிருந்தான்.”

“எங்கப்பாவ தோட்டத்துல மண்டோர் வெரட்டி வெரட்டி வேலை வாங்கினான். ஆனா கூலி கொடுத்தான். நீங்க வேலையும் பாத்து, கூலியும் நீங்களே கட்டுறீங்க. இப்படி ஒரு தோட்டத்த வெள்ளக்காரன்கூட நடத்தலண்ணே!”

சன்னாசி விளையாட்டை அங்கேயே அழித்தார். பிறகு லோரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். பாதிப் பேர் அதே விளையாட்டில் இருந்தார்கள், சேர்த்துவிட்டவரே அவர்தான். லீலாவதி பக்கத்தில் நிற்கும்போதே பேசிப் பதிந்து அனுப்பினார்:

“தம்பிங்களா, விளையாட்டு ஓசிதான். அவசரத்துக்குத்தான் காசு. அந்த அவசரத்த உண்டாக்குறதும் அவன்தான், விக்கிறதும் அவன்தான். அழிச்சிடுங்கலா. இல்லாத மாட்டுக்குத் தீனி போட்டுட்டு, இருக்குற மனுசங்க வயித்துல அடிக்காதீங்க. நான் இன்னைக்கு அடிச்சிட்டேன்.”