கை பிரிய நேரமாகும்

டீச்சர் என்று எல்லாரும் கூப்பிடுவார்களே தவிர, அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளைக் காட்டி, "மேலேருந்து வாசிங்க, மழுப்பாதீங்க" என்று மிரட்டுவதால் வந்த பட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரோடும் மகளோடும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவளின் மண்டையில் ஒரே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. இந்த வியாதி என் பக்கத்திலிருந்து வந்ததா, இல்லையா?

வியாதி மகளுக்கு. குட்டி என்பது வீட்டுப் பெயர். ஆள் என்னவோ அம்மாவை விட ஒரு சாண் உயரம். அவளுக்குத் தசை இறுகினால் சட்டென்று இளகாது. பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால் போதும், கட்டை மாதிரி அப்படியே சாய்வாள். பையைப் பிடித்தால் விரல் பிரிய நேரமாகும். உட்கார்ந்து எழுந்தால் முதல் இரண்டு அடி வராது. அப்புறம் நடக்க நடக்கச் சரியாகிவிடும். லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வரும், உங்கள் இரண்டு பேரில் ஒருத்தரிடமிருந்து வந்திருக்க வேண்டும், சேர்ந்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லிப் பல மாதமாகிறது. கணவர் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர். எப்போது கூப்பிட்டாலும் ஒரு வீடு பாதியில் நிற்கும். டீச்சர் தனியாகப் போயிருக்கலாம். பயம். நிஜமாகவே தன் பக்கம் என்று வந்துவிட்டால்?

ஏனென்றால் நாத்தனார் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டாள். "எங்க வம்சத்துல எல்லாம் இரும்பு. இவ அம்மாதான் நொண்டி நொண்டி நடந்தாங்க. நான் பாக்கலயா?"

அம்மா நொண்டியது சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி உடைந்ததால். இதைச் சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த நேரத்திலெல்லாம் பெயிண்டர் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாத்தனார் பேச்சை விட, அந்த டிவி பார்க்கிற முகம்தான் டீச்சருக்கு ஆறவில்லை.

"நான் வெளியிலயே உக்காந்துக்கறேன். துணைக்குத்தான் வந்தேன்" என்றார் பெயிண்டர், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே.

"உக்காருங்க. உங்களை யாரு மேடையில ஏத்தப் போறா?" என்றாள் டீச்சர்.

அவர்கள் போனது இதே வியாதி உள்ளவர்கள் கூடுகிற கூட்டத்துக்கு, ஒரு நூலகத்தின் மாடியில். இருபது பேர் இருப்பார்கள். பார்த்தால் நோயாளிகள் கூட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆணும் பெண்ணும் தோளும் தொடையுமாக, பயில்வான்கள் சங்கம் மாதிரி இருந்தார்கள். தசை ஓயாமல் இறுகி இறுகி உடம்பு அப்படி ஆகிவிடுமாம். கதவு படாரென்று சாத்திக்கொண்டால் பாதிப் பேர் தரையில் கிடப்பார்கள் என்று, அதன் விளிம்பில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். காப்பிக் கோப்பையை யாரும் விரலால் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தார்கள். குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளும் அப்படித்தான் குடிப்பாள், திட்டு வாங்கிக்கொண்டு.

கூட்டத்தை நடத்துகிறவள் பேக்கரி வைத்திருக்கும் ஒரு பெரிய உடம்புக்காரி. எல்லாருக்கும் அக்கா.

"புதுசா வந்தவங்க மொதல்ல கை குடுக்கணும். இங்க அதான் சட்டம். நல்லா அழுத்தி!"

குட்டி கொடுத்தாள். இரண்டு கையும் பூட்டிக்கொண்டன. சுற்றி இருந்தவர்கள் குஷியாகக் கை தட்டினார்கள். தட்டிய கைகளில் சில அப்படியே நின்றுவிட்டன, அதற்கு ஒரு சிரிப்பு. அடுத்தது டீச்சர். இவள் விரல் உடனே விரிந்துவிட்டது, அக்காவின் பிடிதான் இளகவில்லை.

"உங்களுது பொசுக்குனு வந்துடுச்சே. உங்களுக்கு இல்லம்மா. இருந்தாலும் டாக்டர்கிட்ட பாத்துக்கோங்க" என்றாள் அக்கா.

டீச்சருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அதற்குள் அக்கா வாசலுக்குப் போய், உட்புறம் ஓரமாகக் கிடந்த நாற்காலியிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்த பெயிண்டரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"இல்லங்க, நான் சும்மா..."

"சும்மா வந்தவருக்குக் கை இல்லயா?"

பஸ்ஸில் அசையாமல் வந்த உடம்பு. குளிர்ந்த அறை. கொஞ்ச நேரத்தில் அக்காவின் விரல்கள் இளகிப் பிரிந்துவிட்டன. பெயிண்டரின் விரல்கள் பிரியவில்லை. அவர் முகம் சிவந்து, இடது கையால் வலது கை விரலை ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தார்.

"பெயிண்ட் ஒட்டிக்கிச்சு போல" என்றார்.

அறையே வெடித்துச் சிரித்தது.

"நான் கோந்து ஒட்டிக்கிச்சுன்னு சொல்வேன்!" என்றது ஒரு குரல்.

"நான் என் மாமனாருக்குக் கை குடுத்துட்டு விடாம நின்னேன். மாப்பிள்ளைக்கு எவ்வளவு பாசம்னு அவரு அழுதே போட்டாரு" என்றார் ஒரு லாரிக்காரர்.

பெயிண்டரும் டீச்சரும் குட்டியும் மட்டும் சிரிக்கவில்லை.

"எப்போலேருந்துப்பா?" என்றாள் குட்டி.

"ஸ்கூல் படிக்கறப்போலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எவன் என்னை ஏணியில ஏத்துவான்? பிரஷ்ஷைப் பிடிச்சா நாள் பூரா விட வேண்டியதில்ல. அதான் இந்த வேலைக்கே வந்தேன்."

"சரி. அத்தை அம்மாவைத் திட்டறப்போ?"

பெயிண்டர் சுவரைப் பார்த்தார். டிவி பார்க்கலாம் என்றால் அந்த அறையில் டிவியும் இல்லை.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். நின்றதும் டீச்சர் கேட்டாள். "கல்யாணமான புதுசுல, ரோட்டைத் தாண்டின அப்புறமும் என் கையை விடாம வருவீங்களே. அதுவும் இதானா?"

பெயிண்டர் யோசித்தார். "கொஞ்சம் அது, கொஞ்சம் இது."

"உங்க அக்காவுக்குப் போன் போடுங்க."

"வீட்டுக்குப் போயி..."

"இங்கயே. ஸ்பீக்கர்ல."

போட்டார். "என்னடா, சாப்ட்டியா?" என்றது நாத்தனார் குரல்.

"அக்கா, குட்டிக்கு இருக்கறது என்கிட்டேருந்து வந்தது. எனக்கும் இருக்கு."

"யாரு சொன்னா? பக்கத்துல அவ நிக்கறாளா?"

"நிக்கறா."

"அதானே பாத்தேன்! சொல்லிக் குடுத்துட்டா."

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். அவள் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல் நின்றாள்.

"போன் போடத்தான் அவ சொன்னா. கை என்னுது. சின்ன வயசுல நீ பின்னாலேருந்து கத்தி பயமுறுத்துவியே, நான் படியில உருண்டு பல்லு உடைஞ்சுதே, அதான் இது. இனிமே அவ அம்மா காலைப் பத்தி நீ பேசக் கூடாது."

"என்னடா, மிரட்டறியா?"

"மிரட்டல. சொல்றேன். இத்தனை நாள் சொல்லல."

அந்தப் பக்கம் போன் துண்டானது. மன்னிப்பு, வருத்தம் ஒன்றும் வரவில்லை; நாத்தனாரிடமிருந்து டீச்சர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பஸ் வந்தது. குட்டி முன்கூட்டியே காலை ஆட்டித் தயார் செய்துகொண்டு ஏறிவிட்டாள். நின்றே பேசியதில் பெயிண்டருக்கு முதல் அடி வரவில்லை. டிரைவர் தலையை நீட்டினார். "என்னம்மா, ஐயா ஏறலயா? இடுப்பு வலியா?"

"இல்லப்பா" என்றாள் டீச்சர், பின் சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி. "பரம்பரை. அவங்க பக்கம். கொஞ்சம் நில்லு, கால் வந்துடும்."