குப்பைக்கு வீடு தெரியும்

வளங்குன்றா வளர்ச்சிப் பாடத்துக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கிய வருடம், ஊரில் வெளியே போட்ட குப்பையெல்லாம் போட்டவர் வீட்டுக்கே திரும்பி வர ஆரம்பித்தது. வெங்காய விலை ஏறியதும் அதே வருடம்தான். ஊர் அதிகமாகப் பேசியது வெங்காயத்தைப் பற்றித்தான்.

அந்தப் பாடம் முதலில் வந்தபோது மதிப்பெண் கிடையாது. பச்சை அட்டை போட்ட புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறை. பூமியைக் காப்பாற்றச் சொல்லும் புத்தகம் நனைந்துவிடக் கூடாது அல்லவா. கூடவே ஒரு சுற்றறிக்கை: பாடத்தைத் தனியாகவும் நடத்த வேண்டும், மற்ற எல்லாப் பாடங்களோடும் ஒருங்கிணைக்கவும் வேண்டும். ஒருங்கிணைப்பது என்றால் என்னவென்று எந்த வாத்தியாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிச்சலும் எவருக்கும் இல்லாததால் ஒருங்கிணைத்தார்கள். கணக்கு வாத்தியார் பழம் வாங்கி விற்கும் கணக்கில் பழத்தை அடித்துவிட்டு மரக்கன்று என்று எழுதினார். சரித்திர வாத்தியார் எல்லா ராஜாக்களையும் வரிசையாக மரம் நட வைத்துவிட்டு, பிறகு வழக்கம்போலச் சண்டைக்கு அனுப்பினார். விளையாட்டு வாத்தியார் மைதானத்தைச் சுற்றி ஓடிய பழைய ஓட்டத்துக்கே பசுமை ஓட்டம் என்று பெயர் வைத்தார். தனியாக நடத்த வேண்டிய பீரியடைத் தையல் டீச்சர் தலையில் கட்டினார்கள். அவர் தற்காலிகம். தற்காலிகமாக இருப்பவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் வாய் கிடையாது.

தையல் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தபோது பிறக்காத மகள் இப்போது அதே பள்ளியில் படித்தாள். டீச்சர் மட்டும் இன்னும் தற்காலிகமாகவே இருந்தார். வருடா வருடம் கோடை விடுமுறைக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்புவார்கள், பள்ளி திறந்ததும் கூப்பிட்டால் வரலாம். வீடு ஆற்றங்கரையில். ஆறு என்றால் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்துத் தாளாளருக்கு ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அங்கே திங்கட்கிழமை ஊதா போட்டால் செவ்வாய்க்கிழமை ஆறு ஊதாவாக ஓடும். கரையோரக் கிணறுகளிலும் அதே நிறம் ஊறும். டீச்சர் மகளின் கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் புண். மருந்து போட்டால் ஆறும், குளித்தால் திரும்ப வரும். பசுமைப் பள்ளி விருது வாங்கித் தன் படத்தோடு மாட்டுவதற்காக இந்தப் பாடத்தை ஓடிப்போய் முதலில் வாங்கி வந்தவரும் அதே தாளாளர்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வீட்டைப் பற்ற வைப்பவனே வாளியும் விற்பது ஊரில் நடக்கிற வியாபாரம்தான்.

முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. மதிப்பெண் இல்லாத பாடத்தைப் பிள்ளைகள் காற்றைக் கேட்பதுபோலக் கேட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "சார், இதுக்கு மார்க் உண்டா?" என்றாள். தலைமையாசிரியர் இல்லை என்றார். "மார்க் இல்லாத பாடத்துக்கு எதுக்கு சார் என் பொண்ணு கை வலிக்க வலிக்கப் படம் வரையுறா? ஒண்ணு மார்க்கப் போடுங்க, இல்ல பாடத்தத் தூக்குங்க" என்றாள். கைதட்டல் ஓய நேரமானது. பாடத்தைத் தூக்கினால் விருது போய்விடும். ஆகவே மார்க்கைப் போட்டார்கள். பத்து மதிப்பெண், ஒரே பெரிய கேள்வி: கழிவு பற்றி நீ அறிவது யாது?

புத்தகத்தில் அதற்குப் பதில் இரண்டு பக்கம் இருந்தது. எந்தப் பிள்ளைக்கும் அது மண்டையில் ஏறவில்லை. தையல் டீச்சர் துணியை அளவுக்கு வெட்டுவதுபோல அதை வெட்டிச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். "எனக்கு வேண்டாம் என்று நான் வெளியே தள்ளியது என்னுடையதே. கண்ணுக்கு மறைந்தாலும் அது என்னுடையதே. அதைச் சுமக்க வேண்டியவர் நானே." மூன்று வாக்கியம் ஆயிற்று. பத்து மதிப்பெண் கேள்விக்கு நான்கு வாக்கியம் இருக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. மூன்று எழுதினால் மூன்று மதிப்பெண் வெட்டுவார்கள். இடம் நிரப்ப டீச்சர் இன்னொன்று சேர்த்தார்: "அதற்கு என் வீடு தெரியும்."

அன்று சாயங்காலம் எல்லாத் தெருவிலும் பிள்ளைகள் இதை உரக்கப் படித்தார்கள். தாய்மார்கள் அடுப்படியில் நின்றபடி ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் முதலில் வந்தது ஒரு பால் உறை. தெரு ஓரமாகவே உருண்டு வந்து, ஒரு வாசலில் நின்று, கதவு திறந்ததும் உள்ளே போய் அடுப்படியில் படுத்துக்கொண்டது. காற்று என்றார்கள் படித்தவர்கள். பின்னாலேயே உடைந்த நாற்காலி ஒன்று மூன்று காலால் நொண்டிக்கொண்டு வந்தது. அதற்கும் காற்று என்றே சொன்னார்கள், குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருத்துவரின் ஊசிகள் மருத்துவரிடம் வந்தன. உடல்நலம் பேணுக என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் முழங்கும் விளையாட்டு வாத்தியார் வீட்டுக்கு சிகரெட் துண்டுகள் எறும்புபோல வரிசையில் வந்தன. தலைமையாசிரியர் பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப்புறம் போட்ட பாட்டில்கள் தெருவே பார்க்க அவர் வாசலில் வந்து நின்றன. அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம் என்று அவர் பிற்பாடு சொன்னார். உறை கடைக்காரருடையதா, வாங்கினவருடையதா என்று ஒரு வழக்குகூட வந்தது. உறைக்கு அந்தக் குழப்பமே இல்லை, கடைசியாக யார் கையை விட்டதோ அவர் வீடுதான். தையல் டீச்சர் வீட்டுக்கும் ஒரு மூட்டை வெட்டுத் துணியும் நூலும் வந்தன. "ஊருக்கே பாடம் எடுக்குற, உன் குப்பையப் பாரு" என்று டீச்சரின் கணவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பழைய ஷேவிங் பிளேடுகள் வாசற்படி ஏறின.

அந்த வாரமே சாயத் தண்ணீர் ஆற்றிலிருந்து ஏறியது. கரை ஏறி, கடைத்தெரு வழியாக, யார் வீட்டுப் படியையும் நனைக்காமல், தாளாளரின் மூன்று மாடி வீட்டுக்குப் போனது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான். தண்ணீர் சாத்திய கேட்டின் முன்னால் மரியாதையாகக் காத்திருந்தது. கார் வெளியே போகக் கேட்டைத் திறந்தபோது உள்ளே போனது. முதல் நாள் ஊதா, மறுநாள் சிவப்பு, பட்டறையில் என்ன போட்டார்களோ அது. கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு நின்றது. சோபா மிதந்தது. தாளாளரின் மாமியாருக்கு நரைமுடி ஊதா ஆகி, பார்க்க நன்றாகவே இருந்தது. அந்த வீட்டில் புகார் சொல்லாத ஒரே ஆள் அந்த அம்மாள்தான். குடும்பம் மாடிக்கு ஏறியது. கரையோரத்தில் ஆறு தெளிந்தது. கிணறு தெளிந்தது. டீச்சர் மகளின் கையில் புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்து, அடியில் புதுத்தோல் தெரிந்தது. அவள் அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்.

தாளாளர் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊதாத் தண்ணீரில் நடந்து மாடி ஏறினார். தலைமையாசிரியர் ஏற்கெனவே அங்கே இருந்தார், அவர் இல்லாத இடம் எது.

"உட்காரும்மா."

"நிக்கிறேன் சார்."

"இந்தப் பாடத்த நீதான நடத்துற?"

"நீங்கதான சார் நடத்தச் சொன்னீங்க."

"நடத்தச் சொன்னேன். புரிய வைக்கச் சொன்னேனா?"

தலைமையாசிரியர் மெல்ல இருமிக்கொண்டு, "சார், மார்க்க எடுத்துட்டா போதும். ஒரே ராத்திரில மறந்துடுவாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல சொல்றேன்" என்றார். தாளாளர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். தையல் டீச்சரின் நிரந்தரப் பணி ஆணை. டைப் அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. அந்தக் கேள்வி பரீட்சைக்கு இல்லை என்று டீச்சர் தன் வாயால் வகுப்பில் சொல்ல வேண்டும். தண்ணீர் எப்போது ஆற்றுக்குத் திரும்புகிறதோ அப்போது கையெழுத்து.

வீட்டில் டீச்சரின் கணவர் கேட்டார், "இப்ப என்ன பண்ணப் போற?"

"நிரந்தரம் ஆனா இவ படிப்பு வரைக்கும் பயமில்ல."

"அப்ப இவ கை?"

மகள் தன் கைகளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முழுக்கை சட்ட இருக்கும்மா" என்றாள். டீச்சர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வகுப்பில் போய் அந்தக் கேள்வி பரீட்சைக்கு இல்லை என்று சொன்னார். பிள்ளைகள் கத்திய கத்தலில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மதிய மணி அடிப்பதற்குள் நான்கு வாக்கியமும் அத்தனை தலையிலிருந்தும் போய்விட்டது. தலைமையாசிரியரின் சர்வீஸ் பொய்யாகவில்லை.

ஆனால் அன்றும் குப்பை வந்தது. சாயத் தண்ணீரும் வந்தது, அன்றைக்குப் பச்சை. காரணம் தாய்மார்கள். எந்தப் பாடத்தையும் பிள்ளைக்கு முன்னால் மனப்பாடம் செய்வது தாய்தான் என்பதை அந்தப் படித்த மனிதர்கள் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கேள்வி இல்லை என்று பிள்ளைகள் வந்து சொன்னதை ஒரு தாயும் நம்பவில்லை. "இல்லேம்பாங்க, கடைசியில அதத்தான் கேட்பாங்க. போன வருஷம் உங்க அக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு. ஒழுங்கா உட்காந்து படி" என்றார்கள். பிள்ளைகள் படிக்காவிட்டால் தாங்களே உட்கார்ந்து படித்தார்கள். ஆட்டோக்காரரின் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான்கு வாக்கியத்தையும் சொன்னாள். வங்கி மேலாளரின் மனைவி நடைப்பயிற்சியில் சொன்னாள். இந்த ஊரில் நம்பிக்கையால் நடந்த காரியம் ஒன்றுகூட இல்லை. நடந்த இந்த ஒன்றும் அவநம்பிக்கையால் நடந்தது.

தாளாளர் டீச்சர் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்தார். "சொன்னத செஞ்சுட்டேன் சார். வீட்டுல படிக்கிறத நான் எப்படி சார் நிறுத்துறது?" என்று டீச்சர் கேட்டது அவர் காதில் ஏறவில்லை. ஆணையை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி, டீச்சரின் கைப்பையையும் தையல் பெட்டியையும் பள்ளிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். இப்படித்தான் தாளாளர் தனக்கே வினை வைத்துக்கொண்டார்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் டீச்சர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பாதிப் பின்னலில் அவருடைய கால்கள் தாமாகவே எழுந்தன. பின்னலை விட்டுவிட்டுக் கால் போகிற பக்கம் அவரும் போனார். தையல் பெட்டி கூடவே வந்தது. சாயத் தண்ணீர் ஒரு பக்கம், பால் உறைகள் ஒரு பக்கம், நடுவில் டீச்சர், கையில் சீப்பு. வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் கேட்டைத் திறந்தான். மாடிப்படியின் உச்சியில் நின்ற தாளாளர், "குப்பையோட குப்பையா நீயும் வந்தியா?" என்றார்.

"வேண்டாம்னு நீங்க வெளிய தள்ளுனது வருது சார். இதுல பேசுறது நான் ஒருத்திதான்."

அதன்பின் தினமும் வந்தார். வர வேண்டும் என்று அவருக்கும் ஆசை இல்லை. வந்து, தண்ணீர் ஏறாத படியாகப் பார்த்து உட்கார்ந்து, காலையில்தான் கால்கள் வீட்டுக்கு விட்டன. தாளாளரின் மனைவி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு தேநீர் கொடுத்தார், பிறகு தானும் ஒரு படி மேலே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். ஒருநாள் டீச்சர் அவரிடம் சொன்னது தாளாளர் காதில் விழுந்தது: "அந்தப் புண்ணு எங்க கிணத்துத் தண்ணியாலதான் அக்கா. உங்க வீட்டுத் தண்ணிதான் அது." அன்றிலிருந்து மனைவி அவரோடு சாப்பிட உட்காரவில்லை. மாமியார் மட்டும் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து மருமகன் தட்டைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடத் தெரியும்தானே மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அவர் போட்டார். டீச்சர் பெயருக்கு நேராக நிரந்தரம் என்று இருந்த ஆணையின் அடியில் தன் பெயரை எழுதினார். எழுதும்போது விரல்கள் நகக்கண் வரை ஊதாவாக இருந்தன. அன்று சாயங்காலம் டீச்சர் மகளின் பின்னலை முடித்துவிட்டு வீட்டிலேயே இருந்தார். தண்ணீருக்குக் கையெழுத்து போதவில்லை. பட்டறையில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார்கள். கட்டிய பிறகு தாளாளர் அதன் முன்னால் நின்று படம் எடுத்து, பசுமைப் பள்ளி விருதையும் வாங்கிவிட்டார். அதை வாங்காமல் விடுவாரா.

பிறகு வந்த வருடங்களில் ஊரில் யாரும் யாரையும் சும்மா வேலையைவிட்டு அனுப்பவில்லை. தகப்பனைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்ட ஒரு அதிகாரி, சாயங்காலம் தகப்பன் பெட்டியோடு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "வாங்கப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டார். ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, பாடம் முறைசார் கல்வியில் வெற்றிகரமாக ஒருங்கிணைக்கப்பட்டது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். மேலிடம் அதைப் படித்துப் பயந்துபோனது. அடுத்து வந்த நேர்மைப் பாடத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம் என்று கண்டிப்பாக உத்தரவு போட்டது. அந்தப் பாடம் இன்றுவரை எந்தச் சேதமும் இல்லாமல் நடக்கிறது.

அந்தக் கேள்வியைப் பரீட்சையில் பிறகு கேட்கவே இல்லை. தாய்மார்கள் இன்னும் நம்பவில்லை. குப்பைக்கும் வழி பழகிவிட்டது. பொழுது சாய்ந்தால் ஊரில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கும். தாளாளர் வீட்டுக் கேட்டுக்கு இப்போதும் கொஞ்சம் தண்ணீர் வருகிறது, தொட்டிக்குத் தப்பிய மிச்சம், நிறம் மிக லேசு. அவர் கேட்டைத் தானே திறந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்துப் பார்ப்பார். "இன்னைக்குப் பரவால்ல" என்று வாட்ச்மேனிடம் சொல்வார். போன மாதம் ஊருக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, இந்த நேரத்தில் எதற்கு எல்லோரும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். தையல் டீச்சரின் மகள் அரைக்கை சட்டையில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "குப்பை வர்ற நேரம்க்கா" என்றாள், பஸ் வருகிற நேரத்தைச் சொல்வதுபோல. "கொஞ்சம் ஓரமா நில்லுங்க. வழிய மறிச்சா அதுக்குப் பிடிக்காது."